றோசமலரின் ஒன்பதாவது வியாழன்

சிசிலித் தீவின் பலெர்மோவில் வீட்டு வேலை செய்கிற எவரிடமும் வாரத்தில் எது நல்ல நாள் என்று கேட்டுப் பாருங்கள். ஞாயிறு என்று சொல்லமாட்டார்கள். ஞாயிறு கோயிலுக்கும் கூட்டத்துக்கும் பிள்ளைகளுக்கும் போய்விடும். வியாழன் பின்னேரம் என்பார்கள். இந்த ஊர் வழக்கப்படி வீட்டு வேலைக்காரருக்கு வியாழன் பின்னேரம் லீவு. இரண்டு மணிக்கு அடுப்பைத் துடைத்து, ஏப்ரனைக் கழற்றிக் கொழுவிவிட்டால், மறுநாள் காலைவரைக்கும் எந்த வீட்டுச் சிஞ்ஞோராவும் கூப்பிட முடியாது.

பேசாலைக்காரி றோசமலர் பதினான்கு வருடமாக இந்த அரை நாளை அநியாயமாக அழித்துக்கொண்டிருந்தாள். கோபித்துக்கொண்டுதான் சொல்கிறேன். ஒரு வியாழன் யாரோ ஒருவரின் வதிவிட அனுமதியான பெர்மெசோவைப் புதுப்பிக்க, மொழிபெயர்க்கவென்று குவெஸ்தூரா பொலிஸ் அலுவலகத்தில் போய் நிற்பாள். அடுத்த வியாழன் கோயில் மண்டபம் கூட்டுவாள். அதற்கடுத்தது, பிள்ளை பெற்ற வீட்டுக்குப் பத்தியக் காயம் அரைத்துக் கொடுக்கப் போவாள். "றோசமலருக்கு வியாழன் சும்மாதானே" என்பது இங்கிருந்த தமிழர் எல்லாருடைய வாயிலும் இருந்த வசனம். அவளும் மறுத்துச் சொன்னதில்லை. மறுத்துச் சொல்ல அவளுக்கென்று ஒரு வேலை இருக்கவேண்டும் அல்லவா?

அந்த வேலை, பொலிதேயாமா அரங்குக்குப் பின் தெருவில் மூன்றாம் மாடியில், அவள் பராமரித்துவந்த சிஞ்ஞோர் கலோஜெரோவின் வீட்டில் அவளுக்குக் கிடைத்தது. அவர் முப்பது வருடம் ஆங்கிலக் கப்பல்களில் சமையல்காரராக இருந்தவர். கப்பல் துறைமுகத்தில் நின்ற நாளெல்லாம் குடிக் கடைகளில் டார்ட்ஸ் எறிந்தே கழித்தவர். எழுபத்தொன்பது வயதில் பாரிசவாதம் வந்து வலக்கை விழுந்துவிட்டது. நாவும் கணக்கும் விழவில்லை. ஒரு நாள் சாமான் அறையிலிருந்து பழைய பலகையை எடுத்துவரச் சொல்லி, நடையின் கடைசிக் கதவில் மாட்டவைத்து, றோசமலரின் கையில் மூன்று அம்புகளைக் கொடுத்து, எறி என்றார். அவருக்கு எண்களைக் கழித்துப் பார்க்கவேண்டும். அதற்கு யாராவது எறியவேண்டும். அவ்வளவுதான் காரணம்.

முதல் அம்பு காவல் புனிதை சாந்தா ரோசாலியாவின் படத்துக்கு ஒரு சாண் தள்ளிச் சுவரில் ஏறியது. இரண்டாவது, குடைத் தாங்கிக்குள் விழுந்தது. அவர் ஆங்கிலத்தில் ஏசினார். அவளுக்கு விளங்கவில்லை என்பதால் குறையொன்றுமில்லை. ஆனால் பதினாறு வயதிலிருந்து மீன் வெட்டிய கை அது. நடுங்காத கை. ஒரு மாதத்தில் அம்புகள் பலகைக்குள் வந்தன, மூன்று மாதத்தில் சொன்ன பக்கத்துக்கு வந்தன.

வெள்ளிக்கிழமை காலையில் சிஞ்ஞோருக்குப் பாலில் பாண் நனைத்துக் கொடுக்கும்போது, முதல் நாள் இரவு இங்கிலாந்தில் நடந்த டார்ட்ஸ் லீக் போட்டியைத் தொலைக்காட்சியில் மறுபடி காட்டுவார்கள். அதைப் பார்த்தபடி அவர் அவளுக்கு லீக்கின் வரலாற்றைச் சொன்னார். அது 2005இல் தொடங்கியது. முதலில் ஏழே பேர், பிறகு எட்டு, 2013இலிருந்து பத்து. ஓரிடத்தில் இருந்து விளையாடுவதில்லை. மாசியிலிருந்து வைகாசி வரைக்கும் வாரம் ஒரு நகரமாக ஊர் ஊராகப் போவார்கள். ஒருவர் மற்ற எல்லாருடனும் மோதவேண்டும். வென்றால் இரண்டு புள்ளி, சமன் என்றால் ஒன்று. ஒன்பது வாரம் முடியப் பட்டியலின் அடியில் கிடக்கிற இருவரும் வீட்டுக்குப் போகவேண்டும். மிச்ச எட்டுப் பேரும் தொடர்ந்து விளையாடி, முதல் நாலு பேர் கடைசி நாளுக்குப் போவார்கள். ஆட்டமும் இலகுவானது. ஐந்நூற்றியொன்றில் தொடங்கி, எறிகிற எண்ணைக் கழித்துக் கழித்துச் சரியாகச் சைபருக்கு வரவேண்டும். கடைசி அம்பு மட்டும் பலகையின் வெளி விளிம்பில் இருக்கும் ஒடுங்கிய டபிள் வளையத்துக்குள் விழவேண்டும். கூடிப்போனால் அந்த முறை எறிந்தது செல்லாது.

இதையெல்லாம் கேட்டபடி பாண் நனைத்துக்கொண்டிருந்த றோசமலருக்கு ஒன்றுதான் பிடிபட்டது. அவர்கள் விளையாடுகிற நாள் வியாழன்.

அவர்களுக்கு எறிவது தொழில். இவளுக்கும் இவளைப்போன்றவர்களுக்கும் தொழில் போக மிஞ்சிய அரை நாள். ஆனால் நாள் ஒரே நாள்தானே? 2016 தை மாதம் ஒரு நாற்பது பக்கக் கொப்பி வாங்கி, முதல் பக்கத்தில் ‘பலெர்மோ வியாழக்கிழமை டார்ட்ஸ் லீக்’ என்று எழுதி அடிக்கோடும் போட்டாள். பத்துப் பேரைச் சேர்க்கப் பத்து நாள்கூட ஆகவில்லை. வுச்சீரியாச் சந்தையில் மீன் சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிற ஏர்னஸ்ற் வந்தான். பகேரியாவில் ஒரு பழைய மாளிகையின் தோட்டத்தைப் பார்க்கிற வன்னிக்காரர் மகேந்திரராசா வந்தார். அம்பைப் பிடிக்கவே தெரியாத ஆனந்தராசா, சாப்பாடு உண்டோ என்று கேட்டுவிட்டு வந்தார். சிஞ்ஞோர் பலகையைக் கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை: வெள்ளி காலையில் ஒவ்வோர் அம்பும் தனக்குச் சொல்லப்படவேண்டும்.

இங்கிலாந்துக்காரரைப் போல ஒருவர் ஏழு ஆட்டம் வெல்லும்வரை எறிந்தால் கடைசி ரயிலும் போய்விடும் என்று, நாலு ஆட்டமாகக் குறைத்தாள். மூன்று வென்றால் வெற்றி, இரண்டுக்கு இரண்டு என்றால் சமன். வாரம் ஒரு வீட்டில் ஆட்டம்; பலகையை வெள்ளைப் படுக்கை விரிப்பில் சுற்றி, சென்ற வாரம் வைத்திருந்தவர் இந்த வார வீட்டுக்குச் சுமந்து போகவேண்டும் என்பது இரண்டாவது விதி. நூற்றியோராம் இலக்க பஸ்ஸில் அந்தப் பலகை எத்தனை சிசிலிக்காரரின் முழங்காலை இடித்தது என்பதற்குக் கணக்கில்லை. மூன்றாவது விதி முதல் வியாழனுக்குப் பிறகு வந்தது. அன்று றோசமலர் வீட்டில் ஆட்டிறைச்சிக் கறியோடு சாப்பிட்டுவிட்டு எறியத் தொடங்கினார்கள். ஆனந்தராசா சோபாவில் நித்திரை, மற்றவர்கள் எறிந்த அம்புகளில் பாதி தரையில். கொப்பியில் உடனே எழுதினாள்: முதலில் ஆட்டம், பிறகு சாப்பாடு.

அந்த வியாழன்களில் அவளைப் பார்த்திருக்கவேண்டும். குவெஸ்தூராவுக்கு வரச்சொல்லிக் கேட்டவர்களிடம், வியாழன் எனக்கு வேலை இருக்கு என்று சொன்னாள். பதினான்கு வருடத்தில் முதல் தடவை. சொல்லிவிட்டுச் சமையலறையில் தனியாக நின்று சிரித்தாள். அவ்வளவு சந்தோசமாக இருந்தாள்.

சந்தோசமாக இருந்தாளே ஒழிய, வென்றுகொண்டிருந்தாள் என்று நான் சொல்லவில்லை. சிஞ்ஞோரின் நடையில் நன்றாக எறிகிறவளுக்கு ஆள் பார்க்க எறிவது பழகவில்லை. ஈஸ்ரருக்கு முந்திய தபசு காலம் வந்தது, இறைச்சி போய்க் கணவாய்க் கறி வந்தது, பெரிய வியாழனுக்கு ஆட்டம் இல்லையென்று விட்டார்கள். எட்டு ஆட்டம் முடிந்தபோது பட்டியலில் ஆனந்தராசா பத்தாவது. அவர் போவது நிச்சயம், அதைப்பற்றி அவருக்குக் கவலையுமில்லை. மேலே ஏழு பேர் எட்டாத உயரத்தில். இடையில் ஆறு புள்ளிகளோடு இருவர். அவர்களில் ஒருவர் எட்டாவதாக உள்ளே நிற்பார், மற்றவர் ஒன்பதாவதாக வெளியே போவார். ஒருத்தி றோசமலர். மற்றவர் ஸ்ரனிஸ்லாஸ். ஒன்பதாவது வியாழன் மோதவேண்டியவர்களும் இவர்கள் இருவர்தான். வென்ற ஆட்டங்களின் எண்ணிக்கையில் அவர் ஒன்று கூட என்பதால், சமன் வந்தாலும் போகவேண்டியவள் றோசமலர். அவள் நிற்கவேண்டுமென்றால் அவரை வெல்லவேண்டும்.

ஸ்ரனிஸ்லாஸ் யாரென்று இப்போது சொல்லவேண்டும். நெடுந்தீவுக்காரர், பாடசாலையொன்றில் துப்புரவு வேலை, மீசைக்கு எண்ணெய் வைக்கிற மனிதர். அவருடைய மகன் டெனிஸ்டனுக்கும் றோசமலரின் மகள் ஜெசிக்காவுக்கும்தான் கலியாணப் பேச்சு. பிள்ளைகள் இரண்டு வருடத்துக்கு முன்னரே தங்களுக்குள் பேசி முடித்துவிட்டார்கள். பெரியவர்கள் அதைத் தெரியாததுபோல வைத்துக்கொண்டு, தபசு முடியட்டும், முறைப்படி பேசலாம் என்று நாள் குறித்திருந்தார்கள். குறித்த நாள் ஒன்பதாவது வியாழனுக்கு அடுத்து வந்த ஞாயிறு.

றோசமலரின் கணவன் பேனாட், ஹோட்டலொன்றில் துணி வெளுக்கிற அமைதியான ஆள், ஒன்பதாவது வியாழன் யாரோடு யார் என்று கேட்டதும் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார். மாப்பிள்ளையின் தகப்பனை எட்டுப் பேர் முன்னால் தோற்கடித்து, லீக்கை விட்டும் துரத்திவிட்டு, மூன்றாம் நாள் அவருக்கே தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பதா?

"சம்மந்தமோ பெரிசு, அம்போ பெரிசு?" என்றார். "பேசாமல் தோத்துப்போட்டு வாரும்."

நியாயம் அவர் பக்கம் இருப்பதாகத்தான் அவளுக்கும் பட்டது. பெண்ணைப் பெற்றவள் வேறு என்ன செய்வது? ஆனால் தோற்றால் மற்ற வியாழன்களில் என்ன செய்வேன் என்று நினைத்தாள். மண்டபம் கூட்டுகிற தும்புத்தடி கண்ணில் வந்து நின்றது. அன்று கறிக்கு உப்பே போடவில்லை.

அந்த வியாழன் போட்டி பகேரியாவில். ரயிலில் பலகையை ஏர்னஸ்ற் மடியில் வைத்திருந்தான். மாளிகைத் தோட்டத்தில் எலுமிச்சம்பழம் கட்டுகிற கொட்டிலை மகேந்திரராசா கூட்டித் தண்ணி தெளித்து வைத்திருந்தார். சித்திரை வெயில், பூ வாசம், கதவில் பலகை, பக்கத்தில் பட்டியல் எழுதிய கரும்பலகை. நாலு போட்டிகள் முடிந்து, கடைசியாக இவர்கள் இருவரும் எறியும் கோட்டுக்கு வந்தார்கள். பேனாட்டும் வந்திருந்தார், காவலுக்கு வந்தவர்போல.

முதல் ஆட்டம் ஒழுங்காகத்தான் போனது. இருவரும் ஐந்நூற்றியொன்றிலிருந்து மளமளவென்று இறங்கினார்கள். றோசமலருக்கு முப்பத்திரண்டு மீதி. டபிள் பதினாறில் ஓர் அம்பு போதும். ஸ்ரனிஸ்லாசுக்கு நாற்பது மீதி. டபிள் இருபது போதும். வில்லங்கம் அங்கேதான் தொடங்கியது.

றோசமலர் எறிந்தாள். கூடிப்போயிற்று, செல்லாது. ஸ்ரனிஸ்லாஸ் எறிந்தார். மூன்று அம்பும் வளையத்துக்கு வெளியே. மறுபடி அவள், கூடிப்போயிற்று. மறுபடி அவர், வெளியே. இப்படியே கால் மணித்தியாலம். மகேந்திரராசா ஊற்றி வைத்த தேத்தண்ணி ஆறிப்போனது. ஆனந்தராசா, இதைவிட நான் நன்றாக எறிவேனே என்றார், உண்மையும் அதுதான்.

ஏழாவது முறையோ எட்டாவது முறையோ அம்பு பொறுக்கப் போனபோது றோசமலர் கதவை உற்றுப் பார்த்தாள். ஸ்ரனிஸ்லாசின் அம்புகள் குத்திய ஓட்டைகள் எல்லாம் பலகைக்கு மேலே மரத்தில், ஒரு சத நாணயக் குற்றியால் மூடிவிடக்கூடிய இடத்துக்குள் இருந்தன. எறியத் தெரியாதவனின் அம்பு ஊரெல்லாம் போகும். ஒரே இடத்தில் தவறுகிற கை தவறுகிற கை இல்லை. இது அவளுக்கு வேறு யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை, ஏனென்றால் அவளும் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

வெட்கமும் கோபமும் சேர்ந்து வந்தன. கோபம்தான் கூட.

"அண்ணை, நீங்கள் எனக்கு விட்டுத்தாறியள்."

ஸ்ரனிஸ்லாஸ் மீசையைத் தடவினார். "அப்ப நீங்கள் என்ன செய்யிறியள், தங்கச்சி?"

கொட்டிலில் இருந்த எல்லாரும் தங்கள் தங்கள் கோப்பைகளைப் பார்த்தார்கள். பேனாட் எலுமிச்சம்பழம் ஒன்றை எடுத்து மணந்து பார்த்தார். ஸ்ரனிஸ்லாஸ் குரலைத் தணித்து, வீட்டில் மனைவி சொல்லிவிட்டதைச் சொன்னார்: பொம்பிளை வீட்டாரைப் பேச்சுக்கு முதலே அழப்பண்ணிப்போடாதேங்கோ. மாப்பிள்ளை வீட்டார் என்றால் பெருந்தன்மை வேண்டும். அதனால் தானே வெளியே போய்விடுவதென்று முடிவெடுத்து ரயில் ஏறியிருக்கிறார் மனிதர்.

இரண்டு வீட்டிலும் ஒரே புத்திமதி. இரண்டு பேரும் தோற்க வந்திருக்கிறார்கள். தோற்கிற ஒருவரை எதிர்த்துத் தோற்பது எவ்வளவு கஷ்டமென்று அந்த இங்கிலாந்துக்காரருக்குத் தெரிந்திருக்காது. பத்துப் பேரைச் சேர்த்து, புள்ளி வைத்து, அடியில் இருவரை வெளியே அனுப்புகிற அவர்களுடைய விதிகளில் சம்பந்திகளுக்கென்று ஒரு வரிகூட இல்லை.

"நான் அழமாட்டன், அண்ணை," என்றாள் றோசமலர். "ஆனா நீங்கள் விட்டுத்தந்து நான் உள்ளை நிண்டால், அதுக்குப் பிறகு வாற ஒவ்வொரு வியாழனும் எனக்கு அழுகைதான்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிச் சேட்டு நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"அப்ப முதலிலை இருந்து எறிவம்," என்றார். "உண்மையா எறிவம். பிறகு ஒருத்தருக்கும் மனத்தாங்கல் இருக்கக்கூடாது."

கரும்பலகையில் இருந்ததை ஏர்னஸ்ற் அழித்தான். பேனாட் வெளியே போய் எலுமிச்சை மரத்துக்குக் கீழே நின்றார். பார்க்கவும் முடியவில்லை, போகவும் மனமில்லை.

உண்மையான ஆட்டம் வேறு மாதிரி இருந்தது. ஸ்ரனிஸ்லாஸ் எறிந்த அம்பு பலகையில் ஏறுகிற சத்தமே மாறிவிட்டது. முதல் ஆட்டத்தை அவர் எடுத்தார். டபிள் இருபது, ஒரே அம்பு, அப்படியே வளையத்தின் நடுவில். இரண்டாவதை றோசமலர் எடுத்தாள். மூன்றாவதையும் அவளே எடுத்தாள், அதில் அவர் ஓர் அம்பு வித்தியாசத்தில் தவறவிட்டு, தன் தொடையில் தானே அடித்துக்கொண்டார். அந்த அடியைக் கேட்டதும் அவளுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. இந்த மனிதர் உண்மையாகவே வெல்லப் பார்க்கிறார்! அதைவிடப் பெரிய மரியாதையை அவளுக்கு இந்த ஊரில் யாரும் செய்ததில்லை.

நாலாவது ஆட்டம். இதை எடுத்தால் அவள் உள்ளே. விட்டால் சமன், அவள் வெளியே. ஸ்ரனிஸ்லாஸ் முந்திக்கொண்டு எட்டுக்கு வந்துவிட்டார்; அடுத்த முறை அவர் கைக்கு அம்பு வந்தால் டபிள் நாலைத் தவறவிடப் போவதில்லை. றோசமலருக்கு மறுபடியும் முப்பத்திரண்டு. கையில் மூன்று அம்பு.

முப்பத்திரண்டு சிஞ்ஞோருக்குப் பிடித்த எண். டபிள் பதினாறைத் தவறவிட்டுத் தனிப் பதினாறில் விழுந்தாலும் பதினாறு மீதி இருக்கும், டபிள் எட்டுக்கு எறியலாம். அதிலும் பாதி தவறினால் டபிள் நாலு. பிறகு டபிள் இரண்டு. பிழை விட்டாலும் இன்னொரு வாசல் திறந்திருக்கும் எண் அது, வேறெந்த எண்ணும் இவ்வளவு இரக்கம் காட்டாது என்பார் அவர்.

முதல் அம்பு தனிப் பதினாறில் விழுந்தது. பதினாறு மீதி. இரண்டாவது டபிள் எட்டின் கம்பியில் பட்டு வெளியே குத்தியது. றோசமலர் சாந்தா ரோசாலியாவையும் மடு மாதாவையும் ஒருமிக்க நினைத்தாள். பிறகு இருவரையும் விட்டுவிட்டுக் கையை மட்டும் நினைத்தாள். மீன் வெட்டுகிற கை. நடுங்கவில்லை.

மூன்றாவது அம்பு டபிள் எட்டுக்குள் நின்றது.

யாரும் கைதட்டவில்லை. எப்படித் தட்டுவது? வெளியே போகிறவர் மாப்பிள்ளையின் தகப்பன். ஆனந்தராசா மட்டும் தட்டப் போய், ஏர்னஸ்ற் பார்த்த பார்வையில் கையைச் சொறிந்துகொண்டார். பேனாட் கதவடியில் வந்து நின்றார். வென்ற சந்தோசத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் றோசமலர் அம்புகளைக் கழற்றாமலே நின்றாள்.

ஸ்ரனிஸ்லாஸ் கரும்பலகைக்குப் போனார். சோக்கை எடுத்துத் தன் பெயரின் மேல் தானே ஒரு கோடு இழுத்தார், நேரான கோடு. பிறகு மேசையில் கிடந்த விதிக் கொப்பியை எடுத்து முதல் பக்கத்திலிருந்து கடைசி வரைக்கும் ஆறுதலாக வாசித்தார். எல்லாரும் நின்றபடி அவர் வாசிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வெளியிலை போறவை எறியக்கூடாதெண்டுதான் கிடக்கு," என்றார் கடைசியில். "வரக்கூடாதெண்டு ஒரு இடத்திலையும் இல்லை. எனக்கும் இந்த வியாழனை விட்டால் வேற நாள் இல்லை. பலகையை இனி நான் தூக்கிறன்."

சொல்லிவிட்டுக் கதவிலிருந்து பலகையைக் கழற்றினார். படுக்கை விரிப்பை நிலத்தில் விரித்து, பிள்ளையைச் சுற்றுவதுபோலச் சுற்றி, நாலு முனையையும் முடிந்தார். தோளில் வைத்துக்கொண்டு றோசமலரின் பக்கம் திரும்பினார்.

"ஞாயிறு எத்தினை மணிக்கு வரட்டும், சம்மந்தி?"

அழமாட்டேன் என்று சொன்னவள், அரை மணித்தியாலத்துக்குள்ளேயே அந்தச் சொல்லைக் காப்பாற்ற முடியாமல் சேலைத் தலைப்பைத் தேடினாள். சேலை கட்டிவரவில்லை என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது. பேனாட்தான் நாலு மணி என்று சொன்னார். சொன்ன கையோடு அவரே கைதட்டினார், தனியாக, முதல் ஆளாக. அதற்குப் பிறகு கொட்டில் கொட்டிலாக இருக்கவில்லை.

வெள்ளி காலை சிஞ்ஞோர் கலோஜெரோ ஒவ்வோர் அம்பாகக் கேட்டார். செல்லாமல் போன அந்தக் கால் மணித்தியாலத்தைப் பற்றிச் சொன்னபோது அவருக்கு விளங்கவேயில்லை. முப்பது வருடத்தில் அப்படி ஒரு ஆட்டத்தைத் தான் பார்த்ததில்லை, உங்கள் ஊரில் எல்லாரும் இப்படியா என்று கேட்டார். டபிள் எட்டுக்கு வந்தபோது மட்டும் இடக்கையால் கட்டில் சட்டத்தில் மூன்று தடவை தட்டினார். அவருக்கு அதுதான் கைதட்டல்.

ஞாயிறு நாலு மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் படியேறி வந்தார்கள். முன்னால் பழத்தட்டு, அதற்குப் பின்னால் கேக், அதற்கும் பின்னால் வெட்கப்பட்டுக்கொண்டு டெனிஸ்டன். எல்லாருக்கும் கடைசியாக, மூச்சு வாங்க வாங்க, வெள்ளை விரிப்பில் சுற்றிய பலகையோடு ஸ்ரனிஸ்லாஸ். அடுத்த வியாழன் போட்டி றோசமலர் வீட்டில்தானே, ஒரு பயணம் மிச்சம் என்றார். கதவைத் திறந்த றோசமலர் எல்லாரையும் வாங்கோ என்றாள். தட்டை வாங்கப் பேனாட் இருந்தார். அவள் இரண்டு கையையும் நீட்டிப் பலகையை வாங்கினாள்.